முன்சீட்டுச் சண்டை

“குழியைப் பார்த்து ஓட்டுறீங்களா, இல்ல தேடிப் பிடிச்சு ஓட்டுறீங்களா?”

காலையின் முதல் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்ததுமே பட்டாசக்கா ஆரம்பித்துவிட்டாள். மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவள் அவள். மடியில் மடித்த சாக்குகள், கையில் மழை இல்லாத நாளிலும் ஒரு குடை. அவள் வாய்க்குப் பயந்து மார்க்கெட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை. அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

“குழி இருந்தா நான் என்னக்கா பண்றது? ரோடு போட்டவனைக் கேளுங்க” என்றார் டிரைவர்.

“அவன் இந்த பஸ்ல வரல. நீங்கதான் வர்றீங்க. உங்களைத்தான் கேப்பேன்.”

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா?”

“நேத்து ராத்திரியே ஆரம்பிச்சிருப்பேன். பஸ் இல்ல.”

டிரைவருக்குக் கோபம் ஏறியது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். புதிதாக ஏறிய ஓர் ஆள், பாவம் இந்த மனுஷன், பொண்டாட்டி கிட்ட வாங்குறது போதாதுன்னு இங்கேயுமா என்று முணுமுணுத்தார். தினமும் வருகிறவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். டிரைவரின் குரல் உயர உயர அவர்களுக்கு மனசு லேசாகும். அந்தச் சண்டைதான் பஸ்ஸை மார்க்கெட் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அந்த டிரைவரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. யாராவது தூரத்தில் ஓடிவந்தால் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிற்பார். முழங்கால் வலிக்காரர்களுக்காக வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்துவார். ஆனால் வண்டி ஓட்டும்போது அவருக்குத் தூக்கம் வந்தது. கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கி, தலையை உதறி விரட்டினாலும் போகாத தூக்கம்.

இதை முதலில் பார்த்தவள் பட்டாசக்காதான். ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எட்டிப் பார்த்தால் டிரைவரின் தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. குடையால் கம்பியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

“தூங்குனீங்களா?”

“இல்லக்கா. யோசிச்சுட்டிருந்தேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். காது மட்டும் சிவந்துபோயிற்று. டிப்போவில் போய்ச் சொல்லலாமா என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். சொன்னால் அவர் வேலை போய்விடும். படிக்கிற பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று அவரே ஒரு முறை சொல்லியிருந்தார். அதனால் டிப்போவுக்குப் போகாமல், தினமும் உடன் வரும் கணக்கு டீச்சரிடமும் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் வாட்ச்காரரிடமும் சொன்னாள். மூன்று பேரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்சீட்டு ஒரு நாளும் சும்மா இருக்கக் கூடாது.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். வாட்ச்காரர் கதை சொல்வார். அவருக்கே முடிவு தெரியாத கதைகள். இறங்கும் இடம் வந்ததும் கதாநாயகனை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கிப் போவார். டீச்சர் மனக்கணக்குக் கேட்பார். டிரைவர் தப்பாகச் சொன்னால் பஸ்ஸில் பாதிப் பேர் திருத்துவார்கள், மீதிப் பேர் திருத்தியவர்களைத் திருத்துவார்கள். ஆனாலும் சண்டைக்கு இணையான மருந்து இல்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனதால், பெரும்பாலான நாட்களில் பட்டாசக்காவுக்கே அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். அவளும் மனசாரச் செய்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

டிரைவருக்கும் இதெல்லாம் தெரியாமல் இல்லை. அந்த சீட்டு ஏன் ஒரு நாளும் காலியாக இருப்பதில்லை என்று புரியாத அளவுக்கு அவர் வெகுளி அல்ல. நன்றியும் வெட்கமும் ஒன்றாகச் சேர்ந்ததால் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர்களும் திறக்கவில்லை. அந்த பஸ்ஸில் எல்லோரும் எதையாவது பேசிக்கொண்டே வந்தார்கள், அந்த ஒன்றைத் தவிர.

வீட்டில் அவருடைய குறட்டை குடும்பத்துக்கே பொதுச்சொத்து. மகள் அதைப் போனில் பதிவு செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். சித்தப்பா ஒருவர் அதையே தன் போன் மணியாக வைத்துக்கொண்டு, விசேஷ வீடுகளில் அடிக்கவிட்டுச் சிரிப்பு வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, “நேத்து லாரி மேடு ஏற ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு போல?” என்று விசாரிப்பார். டிரைவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மனைவி கூடத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன.

அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. குறட்டை சில சமயம் சட்டென்று நின்றுவிடும். நின்றால் நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை, அப்போதுதான் அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் போல ஒரு பெரிய மூச்சு இழுத்து, மறுபடி குறட்டை. ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

“என்னங்க, உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா?”

“நிம்மதியாத் தூங்குறவனுக்குத்தான் குறட்டை வரும். என் தூக்கத்து மேல கண்ணு வைக்காத” என்று சொல்லி அவர் பேச்சை முடித்துவிட்டார்.

ஆனால் காலையில் எழும்போது அவருக்குத் தலை கனக்கும். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சீக்கிரமே படுத்தவர்தான், என்றாலும் கண்ணை மூடாத ஆளைப் போலத்தான் எழுந்து உட்காருவார். வயசாகுது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

டாக்டரிடம் போகாததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு டிப்போவைப் பார்க்க வேண்டும். அங்கே எல்லா டிரைவர்களின் பையிலும் ஒரு பெப்பர்மின்ட் டப்பா இருக்கும். வெளியாட்கள் பார்த்தால் இவர்களுக்கு மிட்டாய் என்றால் உயிர் போலும் என்று நினைப்பார்கள். டப்பாவுக்குள் இருப்பது ரத்தக்கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. முன்னொரு காலத்தில் ஒரு டிரைவர் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று நேர்மையாகப் போய்ச் சொன்னார். அவரை வண்டியை விட்டு இறக்கினார்கள். இறக்கியவர்கள் வேறு எங்கேயும் ஏற்றவில்லை. அந்த மனிதர் இப்போது யாரோ ஒருவர் வீட்டு வாசலில் காவல் காக்கிறார் என்று கேள்வி. அதன் பிறகு டிப்போவில் ஒருவருக்கும் ஒரு நோயும் வரவில்லை. மிட்டாய் சாப்பிடுகிறவர்கள் மட்டும் பெருகினார்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஓடவில்லை.

அன்று காலை கைக்குழந்தையுடன் ஓர் இளம்பெண் ஏறினாள். குழந்தை ராத்திரியெல்லாம் அழுதிருக்கும் போல. தாயின் கண்கள் குழி விழுந்திருந்தன. அன்று முறை வாட்ச்காரருடையது. குழந்தைக்காரி நிற்கும்போது உட்கார்ந்திருக்கலாமா? அவர் சட்டென்று எழுந்து முன்சீட்டைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, குழந்தையைத் தோளில் சரித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

“இப்பத்தான் தூங்குறான்.”

அவ்வளவுதான். பஸ் முழுக்க அடங்கிப்போயிற்று. பட்டாசக்கா பின்னாலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாட்ச்காரரே திரும்பி, “உஷ், குழந்தை!” என்றார். அவளும் குழந்தையின் சின்ன வாய் திறந்திருந்ததைப் பார்த்து மனம் இளகி, பேசாமல் சாக்கை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் ஜன்னலைச் சாத்தினார், காற்று பட்டுக் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று. நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து பஸ்ஸை ஒரு தொட்டில் ஆக்கிவிட்டார்கள். எஞ்சினின் ஒரே சீரான முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

தொட்டிலில் குழந்தை தூங்கியது. டிரைவரும் தூங்கினார்.

பஸ் மெல்ல, அவசரமே இல்லாமல் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நடைபாதையில் ஏறியது. பஸ் நிறுத்தத்தின் பெஞ்சை நொறுக்கி, குப்பைத்தொட்டியை உருட்டித் தள்ளி, ஒரு மதில்சுவரில் போய் முட்டி நின்றது. கம்பியில் நெற்றி இடித்தது வாட்ச்காரருக்கு. டீச்சரின் கண்ணாடி எங்கேயோ பறந்தது. இளம்பெண் குழந்தையை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்தபடி சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள்.

ஒரு கணம் யாருக்கும் மூச்சு வரவில்லை. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது.

குழந்தை அழுவதைக் கேட்டு அத்தனை பேர் அப்படிச் சந்தோஷப்பட்டதை அந்த பஸ் அதற்கு முன் பார்த்திருக்காது. பட்டாசக்கா ஓடிவந்து குழந்தையின் கை, கால், தலை என்று தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. “அழுடா ராசா, நல்லா அழு” என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். வெளியே நொறுங்கிக் கிடந்த பெஞ்சைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் குலை நடுங்கியது. அதில் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று அவர்களின் பஸ் சற்று முன்னதாக வந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போல விழித்துக்கொண்டிருந்தார். வாட்ச்காரர் நெற்றியைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு அவர் காதருகே குனிந்தார்.

“அண்ணே, நீங்க எதுவும் பேசாதீங்க. பிரேக் பிடிக்கல. அவ்வளவுதான். நாங்க பார்த்துக்கிறோம்.”

யாரும் கூடிப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். டிப்போ மேனேஜர் வந்து கேட்டபோது, பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே இருந்தார், வண்டிதான் நிற்கவில்லை என்றார்கள். பட்டாசக்கா, “நான் என் கண்ணால பார்த்தேன் சார்” என்று அடித்தே சொன்னாள். அந்த இளம்பெண் ஏதோ சொல்ல வந்தவள், அத்தனை பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மேனேஜருடன் டிப்போவின் பிரேக் ஃபிட்டரும் வந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார்.

“நேத்து இந்த வண்டிக்கு பிரேக் பார்த்தது நீதானேப்பா?”

“ஆமா சார். நல்லா இருந்துச்சு சார். ஓட்டிப் பார்த்துட்டுத்தான் விட்டேன்.”

“ஊரே பிடிக்கலைன்னு சொல்லுது, நீ நல்லா இருந்துச்சுங்கிற. பெஞ்சுல பிள்ளைங்க இருந்திருந்தா? ஸ்பானரைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்குக் காலைல விசாரணை.”

ஃபிட்டரின் முகம் வெளுத்துப்போயிற்று. கையிலிருந்த ஸ்பானரை ஒரு முறை துணியால் துடைத்தார். பழக்கதோஷம். பிறகு அதை மேனேஜரிடம் நீட்டினார். இந்த இடத்தை அந்த நல்லவர்களில் ஒருவர்கூட முன்னமே யோசித்துப் பார்க்கவில்லை. டிரைவரைக் காப்பாற்ற இழுத்த போர்வை இன்னொருவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

பட்டாசக்காவுக்கு அன்று கடையில் வியாபாரம் ஓடவில்லை. தக்காளி கேட்டவருக்குக் கத்திரிக்காய் போட்டாள். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, விசாரித்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

டிரைவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தாள். பட்டாசக்கா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“தங்கச்சி, நான் தினமும் இவரோட பஸ்ல சண்டை போடுறவ. இவர் தூங்கிடக் கூடாதுன்னுதான் சண்டை போடுறேன்.”

மனைவிக்குப் புரியவில்லை. “பஸ்ல தூங்குறதா? இவரா? வீட்டுல சாயங்காலமே படுத்துடுவாரேக்கா. குறட்டை தெரு முனை வரைக்கும் கேக்கும்.”

“அவ்வளவு தூங்குறவருக்கு பஸ்ல எதுக்குத் தூக்கம் வரணும்?”

“அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா…” மனைவி கணவனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “குறட்டை நடுவுல நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். மறுபடி பதறிப்போய் மூச்சு வாங்குவாரு. ராத்திரியெல்லாம் இப்படித்தான்.”

பட்டாசக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி நடப்பது வீட்டுக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரியாது. பகலில் நடப்பது பஸ்ஸுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்க்க ஒரு மதில்சுவரில் பஸ் மோத வேண்டியிருந்தது.

“அட கடவுளே. நீங்க வீட்டுல சிரிச்சீங்க. நாங்க பஸ்ல கத்தினோம். டாக்டரைப் பாருங்கன்னு அந்த மனுஷன் கையைப் பிடிச்சு ஒருத்தர்கூடக் கூட்டிட்டுப் போகலையே” என்றாள்.

“சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவாங்கக்கா” என்றார் டிரைவர். “எனக்கு வேற தொழில் தெரியாது.”

“அந்த ஃபிட்டருக்கு மட்டும் வேற தொழில் தெரியுமா?”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டாசக்கா விடவில்லை. ஆனால் அன்று அவள் குரலில் பட்டாசு இல்லை.

“அண்ணே, இத்தனை நாளா நான் உங்களோட பொய்ச்சண்டைதான் போட்டேன். இன்னைக்குத்தான் நிஜமாச் சண்டை போடுறேன். நாளைக்கு உண்மையைச் சொல்லுங்க. நானும் சொல்றேன். அந்தப் பெஞ்சை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.”

டிரைவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “எனக்கும் இறங்கலக்கா.”

மறுநாள் டிப்போ அறையில் மேனேஜர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் ஒரு மூலையில் சுவரோடு சுவராக நின்றார். பயணிகள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கேட்பதற்கு முன்பே டிரைவர் எழுந்துவிட்டார்.

“பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல சார். நான் மிதிக்கவே இல்ல. தூங்கிட்டேன்.”

அவர் தொடர்ந்தார். “இன்னைக்கு நேத்து இல்ல சார், ரொம்ப நாளாவே இப்படித்தான். மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்டுல சொன்னாங்க. பயத்துல மறைச்சுட்டேன். ஃபிட்டர் மேல தப்பே இல்ல. அவருக்கு வேலையைக் குடுத்துடுங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க.”

“மறைக்கறதுக்கு நாங்கதான் சார் ஒத்தாசை. கண்ணால பார்த்தேன்னு சொன்னேனே, அது பொய். அந்தப் பொண்ணு நிஜத்தைச் சொல்ல வந்தா, நாங்க முறைச்சே வாயை அடைச்சோம்” என்றாள் பட்டாசக்கா.

மேனேஜர் கோபத்தில் எழுந்து நின்றார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்து மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பெப்பர்மின்ட் டப்பாவை எடுத்து ஆட்டினார். உள்ளே மாத்திரைகள் குலுங்கின.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? நானும் ஓட்டுனவன்தான்” என்றார். “அன்னைக்குச் சர்க்கரைன்னு வந்து சொன்ன ஆளை இறக்கிவிட்டது நான்தான். அதுக்கப்புறம் ஒருத்தரும் என்கிட்ட எதையும் சொல்லல. எங்க டிப்போல எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்கன்னு நானும் மேலிடத்துல பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்.”

அவர் ஃபிட்டரைக் கூப்பிட்டு ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தார். “மன்னிச்சுக்கப்பா” என்றார். அந்த அறையில் அந்த வார்த்தை அதற்கு முன் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. ஃபிட்டர் ஸ்பானரை வாங்கி, அழுக்கே இல்லாத அதை மறுபடி துடைத்தார்.

“உங்களை இப்ப வண்டியில ஏத்த முடியாது” என்றார் மேனேஜர், டிரைவரிடம். “பண்ணின தப்புக்குத் தண்டனையும் உண்டு. ஆனா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் டிப்போல வண்டிச் சாவி குடுக்கிற வேலையைப் பாருங்க. சரின்னு சொன்னா மறுபடி ஏறுங்க.”

டாக்டர் ஒரு சிடுசிடுப்பான பெண்மணி. டிரைவரின் உடம்பெல்லாம் ஒயர்களை ஒட்டி, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துப் பரிசோதித்தார். முடிவு வந்ததும் கணவனையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“தூங்கும்போது உங்க தொண்டை தளர்ந்து மூடிக்குது. மூச்சு நிக்குது. மூளை பயந்துபோய் உங்களை உசுப்பி விடுது. ராத்திரி முழுக்க இதேதான். நீங்க இத்தனை வருஷமா தூங்கவே இல்ல. படுத்திருந்தீங்க, அவ்வளவுதான்.”

“இது சோம்பேறித்தனம் இல்லையா டாக்டர்?” என்று கேட்டார் டிரைவர். வருஷக்கணக்காக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

“யார் சொன்னது? இது வியாதி. சரிப்படுத்தக்கூடிய வியாதி.”

டிரைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மனைவி அவர் முதுகில் கையை வைத்தாள்.

மூக்கின்மேல் ஒரு மாஸ்க்கைப் பொருத்தி, ஒரு சின்ன மெஷின் காற்றை ஊதி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். எடையையும் குறைக்க வேண்டும் என்றார்கள். முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று பட்டாசக்கா மறுநாள் போன் போட்டுக் கேட்டாள்.

“சத்தமே இல்லக்கா. எனக்குத்தான் பயத்துல தூக்கம் போயிடுச்சு. பக்கத்துல போய் நெஞ்சுல கையை வச்சுப் பார்த்தேன். குழந்தை மாதிரி மூச்சு விடுறாரு” என்றாள் மனைவி. அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தன் கட்டிலுக்கே திரும்பியிருந்தாள். சித்தப்பா போன் மணியை மாற்றிக்கொண்டார். மகள் அவரைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னதுதான் காரணம்.

டிப்போவில் சாவி கொடுக்கும் ஜன்னலில் அவர் உட்கார்ந்திருப்பதை மற்ற டிரைவர்கள் தினமும் பார்த்தார்கள். உண்மையைச் சொன்ன ஆள் இன்னும் சம்பளத்தோடு, சட்டை கசங்காமல் இருக்கிறார் என்று பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டு மேஜைமேல் பெப்பர்மின்ட் டப்பாக்கள் வெளியே வரத் தொடங்கின. “உனக்கு எந்த டாக்டர்? எனக்கும் சொல்லேன்” என்ற பேச்சு கேட்டது. இரண்டொருவர் தாங்களாகவே மேனேஜர் அறைக்குப் போனார்கள். பழைய சர்க்கரைக்காரரையும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து டிப்போவிலேயே ஒரு வேலை கொடுத்தார்கள்.

மாதங்கள் கழிந்து, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு, டிரைவர் மறுபடி முதல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். கன்னம் வற்றி, கண் தெளிந்து, ஆள் இளைத்திருந்தார். பயணிகள் ஆயுதங்களோடு ஏறினார்கள். டீச்சர் புதுக் கணக்குகளோடு வந்திருந்தார். வாட்ச்காரர் நடுத்தெருவில் விட்ட கதாநாயகனை மறுபடி கிளப்பத் தயாராக இருந்தார்.

“கணக்கு, கதை, சண்டை எதுவும் வேணாம். எல்லாரும் நிம்மதியா உக்காருங்க. நான் ரோட்டைப் பார்க்கணும்” என்று சிரித்தார் டிரைவர்.

ஒரு நிறுத்தத்தில் அந்த இளம்பெண் குழந்தையோடு நின்றாள். படியில் ஒரு காலை வைத்தவள், அவரைப் பார்த்ததும் தயங்கினாள். “இப்ப… உடம்பு சரியாயிடுச்சா?” என்று கேட்டாள்.

டிரைவர் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை. “சரியாயிடுச்சும்மா. தினமும் மாஸ்க் போட்டுத்தான் தூங்குறேன். என் உடம்பு என் பாடுன்னு நினைச்சு மறைச்சேன். அது உன் குழந்தை உசுரு வரைக்கும் வந்துடுச்சு. வியாதியை மறைக்கிறவனும் தப்பு, மறைக்கத் துணை போறவங்களும் தப்பு. சொன்னவனைத் தெருவுல விடுற இடமும் தப்பு. மூணும் திருந்தினாத்தான் நீ நம்பி ஏற முடியும். நாங்க திருந்திட்டோம், ஏறும்மா.”

அவள் ஏறினாள். முன்சீட்டிலேயே உட்கார்ந்தாள். குழந்தை இப்போது உட்காரப் பழகியிருந்தது. வழி முழுக்கத் தன் பாஷையில் டிரைவரிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டே வந்தது.

சண்டைக்கு வேலை இல்லாமல் போன பட்டாசக்கா பின்சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். காற்று சுகமாக வந்தது. வெகுநாளைக்குப் பிறகு, பஸ் எங்கே போகிறது என்று அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலை சாய்ந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சின்னக் குறட்டை அல்ல, லாரி மேடு ஏறுகிற குறட்டை.

வாட்ச்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். டீச்சர் திரும்பி, “சிரிக்காதீங்க. டிரைவர் வீட்டுல குறட்டையைக் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சுத்தானே நாம போன தடவை சுவத்துல போய் முட்டினோம்?” என்றார். வாட்ச்காரர் தன் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார்.

மார்க்கெட் வந்தது. டிரைவர் வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்தி, எழுந்து பின்னால் வந்து அவளுடைய குடையை எடுத்துக் கம்பியில் மெல்லத் தட்டினார்.

“தூங்குனீங்களாக்கா?”

பட்டாசக்கா திடுக்கிட்டு விழித்தாள். “நானா? இல்லையே. யோசிச்சுட்டிருந்தேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

பஸ்ஸே அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. அவள் எல்லோரையும் ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். சாக்குகளை அள்ளிக்கொண்டு, குடையை வாங்கிக்கொண்டு படி வரைக்கும் போனவள், திரும்பி நின்றாள்.

“அந்த சிடுமூஞ்சி டாக்டர் சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?” என்று கேட்டாள்.